பாசறையில் ஒரு கட்டியங்காரன்: ஆபராவைப் போருக்குள் கொண்டுபோன மாதிரி கர்ண மோட்சத்தைக் கொண்டுபோக முடியுமா?

காட்பாடி கேமரா:

போன வாரம் மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் நான்கு தவணையாக ஒரு படம் பார்த்து முடித்தேன். மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' ஆபராவை, அதாவது மேல்நாட்டுப் பாட்டு நாடகத்தை, கென்னத் பிரானா 2006-இல் சினிமாவாக எடுத்தது. ஆபரா 1791-இல் வியன்னாவில் மேடையேறியது. இளவரசன், துரத்தும் பாம்பு, ராத்திரி ராணி, கடத்தப்பட்ட அவள் மகள், பறவை பிடித்துப் பிழைக்கும் ஒரு வாயாடி என்று முழுக்க முழுக்க ஆயா சொல்லும் கதைதான். பிரானா அதை அப்படியே தூக்கி முதல் உலகப் போரின் பதுங்குகுழிக்குள் போட்டிருக்கிறார். இளவரசன் சிப்பாய். அவனைக் காப்பாற்றும் மூன்று பெண்கள் நர்சுகள். ராத்திரி ராணி டாங்கி மேல் ஏறி வருகிறாள்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது, குண்டு விழுகிற இடத்தில் நின்று பாடுகிறார்களே என்று. பாம்பு வரவேண்டிய இடத்தில் பாம்பைக் காணோம், விஷவாயு வருகிறது. அங்கே சிரிப்பு நின்றது. அப்புறம் அந்தப் பறவைக்காரன், பப்பகேனோ. போர்க்களத்தில் பறவை பிடிப்பவனுக்கு என்ன வேலை இருக்க முடியும் என்று நினைக்கிறோம், இருக்கிறது: சுரங்கத்துக்குள் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கக் கூண்டில் கேனரி கொண்டுபோவார்கள் இல்லையா, இவன் பதுங்குகுழியில் அந்தக் கேனரிகளைப் பார்த்துக்கொள்கிறவன். பறவை சுருண்டு விழுந்தால் முகமூடியை மாட்டு என்று அர்த்தம். இந்த ஒரு யோசனைக்காகவே அந்த மனுஷனுக்குக் கைகொடுக்கலாம். போரைப் பின்னால் படுதா மாதிரி தொங்கவிடாமல், கதையில் இருக்கும் ஆளுக்குப் போரில் ஒரு வேலை தேடிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நம் வடார்க்காட்டுக் கூத்தில் கர்ண மோட்சத்தை நாற்பது நிமிடப் படமாக எடுக்கவேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், என் மனைவிக்கே அலுத்துவிட்டது. அதை 1914 போரில் வைத்தால் என்ன? இந்த ஜில்லாவிலிருந்து கப்பலேறிப் போன சிப்பாய்கள், அவர்களுக்கு நடுவில் ஒரு கர்ணன். அபத்தமாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், செலவு மிச்சம்.

லாங் பஜார்:

சொல்லிவிடுகிறேன். அபத்தம்.

புல்லாங்குழல் கதையில் போர் கிடையாது, அதனால் பிரானா போரைச் சேர்த்தபோது ஏதோ கூடியது. பாரதமே போர்க்கதை. போருக்குள் இன்னொரு போரை வைப்பது சாம்பார் சாதத்துக்குச் சாம்பார் ஊற்றிக்கொள்வது மாதிரி. 'கார்மென் ஜோன்ஸ்' பார்த்திருக்கிறாயா தம்பி? ஓட்டோ பிரெமிங்கர், 1954. பிஸே 1875-இல் பாரிஸில் போட்ட 'கார்மென்' ஆபராதான், ஸ்பெயினில் நடப்பதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், எல்லா வேஷத்துக்கும் கறுப்பினத்தவரையே போட்டு எடுத்தார்கள். சுருட்டுத் தொழிற்சாலைப் பெண் பாரசூட் தொழிற்சாலைப் பெண்ணாகிவிட்டாள், காளைச்சண்டைக்காரன் குத்துச்சண்டைக்காரனாகிவிட்டான். ஹாமர்ஸ்டைன் எழுதி 1943-இல், நிஜப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, முதலில் பிராட்வே மேடையில் வந்தது. அதில் போரே கண்ணில் படாது, பாரசூட் தைக்கிற மெஷின்தான் படும். போர்ப் பின்னணி என்றால் எனக்கு அதுதான். டாங்கி மேல் ராணி எல்லாம் சர்க்கஸ்.

காட்பாடி கேமரா:

அண்ணா, கார்மெனின் காதலன் மூலத்திலேயே பட்டாளத்துக்காரன்தானே? அங்கே பட்டாளத்தின் மேல் பட்டாளத்தை வைத்தது உங்களுக்கு ருசித்திருக்கிறது, என் சாம்பார் மட்டும் கசக்கிறதா?

சரி, சண்டை வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். கர்ணன் யாருக்காகச் சண்டை போடுகிறான்? அவனுக்குப் பாண்டவர் மேல் நிலத் தகராறு கிடையாது. சாப்பாடு போட்டவன், தேசம் கொடுத்தவன், அவையில் பக்கத்தில் உட்கார வைத்தவன் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்காகப் போகிறான். செஞ்சோற்றுக் கடன். 1914-இல் வடார்க்காட்டிலிருந்து போனவனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் என்ன வாய்க்கால் தகராறு? சம்பளம் கொடுத்த கை, அந்தக் கை காட்டிய திசை. இந்தியாவிலிருந்து பதின்மூன்று லட்சம் பேருக்கு மேல் அந்தப் போருக்குப் போனார்கள், எழுபதாயிரத்துக்கு மேல் திரும்பவில்லை. அத்தனை பேரும் அடுத்தவன் போரில் செத்த கர்ணர்கள் என்று நான் மேடையில் முழங்கப் போவதில்லை. ஆனால் 'இது யார் சண்டை' என்கிற கேள்வி பாரதத்தில் நமக்குப் பழகிப்போய்க் காதில் விழாமல் போய்விட்டது. காக்கி மாட்டினால் மறுபடி கேட்கும் என்று நினைக்கிறேன்.

ஆல்ட்டோ:

நான் வேலூரில் சர்ச் பாடகர் குழுவில் இருபது வருஷமாகப் பாடுகிறேன், பிள்ளைகளுக்குப் பியானோவும் சொல்லித்தருகிறேன். ஆபரா என்றாலே அரண்மனை, வைரமாலை, தூங்கும் பிரபு என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். இந்த ஆபரா அந்த ஜாதியே இல்லை. நகருக்கு வெளியே ஒரு புறநகர்க் கொட்டகையில், ஜனங்கள் பேசும் ஜெர்மனில், பாட்டும் வசனமும் மாறி மாறி வரும்படி போட்டது. எழுதியவர் ஷிகானேடர். கம்பெனியை நடத்தியவரும் அவரே, மேடையில் பப்பகேனோவாக வந்து ஜனங்களைச் சிரிக்க வைத்தவரும் அவரே. பாட்டு எழுதி, ஜமா என்கிற கூத்துக் குழுவை நடத்தி, வேஷமும் கட்டுகிற நம் கூத்து வாத்தியாரை நினைத்துக்கொள்ளுங்கள். பப்பகேனோ யார்? சாட்சாத் நம் கூத்துக் கோமாளி, கட்டியங்காரன். ராஜா கதை நடந்துகொண்டிருக்கும்போது பசிக்கிறது என்பான், கல்யாணம் வேண்டும் என்பான். முதல் ஆட்டம் செப்டம்பர் 30, மொசார்ட் அதே வருஷம் டிசம்பர் 5-இல் இறந்துபோனார். கொட்டகை நிறைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது ஒரு ஆறுதல்.

சினிமாவுக்கு வந்தால் குரல்தான் பெரிய தலைவலி. மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று வளர்ந்த குரல் இது. ராணியின் கோபப் பாட்டு ஏறுகிற உயரத்தில் வாய் எப்படித் திறக்கும் என்று அரங்கில் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. க்ளோசப்பில் பல் டாக்டர் மாதிரி உள்நாக்கு வரைக்கும் பார்க்கலாம். 1975-இல் சுவீடன் தொலைக்காட்சிக்கு இதே ஆபராவைப் படமாக்கிய பெர்க்மான் சண்டைக்கே போகவில்லை, இது நாடகம்தான் என்று ஒத்துக்கொண்டு ஆரம்ப இசை முழுக்கப் பார்வையாளர் முகங்களையே காட்டினார், இடைவேளையில் மேடைக்குப் பின்னால் நடிகர்கள் உட்கார்ந்திருப்பதையும் காட்டினார். கார்மென் ஜோன்ஸில் இரவல் குரல். டோரதி டாண்ட்ரிட்ஜ் வாயசைக்க மரிலின் ஹோர்ன் பாடினார். பின்னணிப் பாடலிலேயே வளர்ந்த நமக்கு அது ஒரு குறையாகவே தோன்றாது. கூத்துக்காரரின் தொண்டையும் மைக் இல்லாத காலத்துத் தொண்டைதான். தம்பி, நீங்கள் அதை எப்படிப் பிடிக்கப் போகிறீர்கள்?

காட்பாடி கேமரா:

அக்கா, புண்ணில் கை வைத்துவிட்டீர்கள். போன வருஷம் ஆரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் ராத்திரி முழுக்கப் பதிவு செய்யப் போனேன். ரெக்கார்டர் வாடகைக்கு எடுத்தது, கொடுத்தவர் பேட்டரி புதுசு என்று சத்தியம் செய்தார். இரண்டரை மணிக்குச் செத்துவிட்டது. கர்ணன் மனைவி பொன்னுருவி வாயைத் திறக்கிற நேரம். மிச்சத்தை போனில் பிடித்தேன், ஆர்மோனியம் மட்டும் தேனீக்கூட்டம் மாதிரி ரீங்காரம் போடுகிறது, பாட்டு எங்கேயோ கிணற்றுக்குள்.

முகவீணை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். செய்யாறு பக்கம் எங்கள் ஊர். நைனா முப்பத்தெட்டு வருஷம் கர்ணன் கட்டினார், இப்போது முட்டி வலியால் பின்பாட்டோடு சரி. நான் கணக்கு டீச்சர், ஆனால் பங்குனி பிறந்தால் ஆடி முடியும் வரை எங்கள் வீட்டில் ராத்திரித் தூக்கம் கிடையாது.

நீங்கள் எல்லோரும் கதையைப் பற்றியே பேசுகிறீர்கள். திரையைப் பற்றி யாரும் பேசவில்லை.

கர்ணன் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரை என்றால் சினிமாப் படுதா அளவு நினைக்காதீர்கள், ஒரு போர்வை அளவு. மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும், நடுவில் ஆள் கிடையாது. உள்ளே நின்றே விருத்தம் பாடுவார், பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள், கட்டியங்காரன் வெளியே நின்று யார் வருவது என்று கேட்டு வம்பு பண்ணுவான். ஒரு கை வந்து துணியின் மேல்விளிம்பைப் பிடிக்கும். முகம் ஒரு கணம் தெரியும், மறையும். கால் மணி நேரம் ஆகும் ஒரு ஆள் வெளியே வர. தூங்கப்போன குழந்தைகளைத் தட்டி எழுப்புவார்கள், கர்ணன் வரப்போகிறான் பார் என்று. உங்கள் க்ளோசப்பெல்லாம் எங்களிடம் எப்போதோ இருக்கிறது. அதை வெட்டிவிட்டு ஒரு சிப்பாய் ரயிலிலிருந்து இறங்குகிற மாதிரி எடுத்தால் நாலு விநாடியில் முடிந்துவிடும், ஆள் வந்துவிடுவான், கர்ணன் வரமாட்டான்.

இன்னொன்று. கட்டை கட்டுவது. புஜத்திலும் மார்பிலும் மரக்கட்டை அணிகளை வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். காலையில் அவிழ்த்தால் நைனாவின் தோளில் இரண்டு பக்கமும் கயிற்றுத் தடம் பள்ளமாக இருக்கும், அம்மா தேங்காயெண்ணெய் சூடுபண்ணித் தடவுவாள். அந்தப் பாரம் இல்லாமல் அந்த நடை வராது. சுற்றுவதும் வராது. காக்கிச் சட்டையில் என் நைனாவை நிறுத்தினால் ரேஷன் கடை க்யூவில் நிற்கிற மாதிரி நிற்பார். புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் ஜமா ஜெர்மன் நாடகக்காரர் பிரெக்டின் வெண்கட்டி வட்ட நாடகத்தைக் கூத்தாகவே ஆடியிருக்கிறார்கள், அதுவும் உள்நாட்டுக் கலவரத்தில் நடக்கிற கதை, வெளிநாட்டுக் கதை. அவர்கள் கதையைக் கூத்துக்குள் கொண்டுவந்தார்கள். நீங்கள் கூத்தை வெளியே கொண்டுபோகிறீர்கள். இரண்டும் ஒன்றில்லை.

லாங் பஜார்:

இந்தப் பதிவைக் கும்பிடுகிறேன்.

ஹவில்தார் (ஓய்வு):

வணக்கம். கம்மவான்பேட்டைப் பக்கத்து ஆள் நான். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளம் என்பது பெருமைக்காகச் சொல்வதில்லை, நிஜமாகவே அப்படித்தான். இருபத்துநாலு வருஷம் சர்வீஸ், சிக்னல்ஸ். ஆபராவெல்லாம் தெரியாது. மகன் போனில் அந்தப் படத்தின் ஆரம்பக் காட்சியை மட்டும் காட்டினான்.

வாயு விஷயம் மட்டும் எனக்குத் தெரியும். ரெக்ரூட்டாக இருந்தபோது கண்ணீர்ப்புகை அடைத்த ஒரு அறைக்குள் மாஸ்க் போட்டு அனுப்புவார்கள், உள்ளே போனதும் கழற்றச் சொல்லிப் பேர் நம்பர் ஊர் சொல்லச் சொல்வார்கள். நான் பேர் சொன்னேன், நம்பர் பாதி சொன்னேன், ஊர் வெளியே வந்து வாந்தி எடுத்தபிறகுதான் ஞாபகம் வந்தது. அதில் எவனும் பாடமுடியாது. 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற ஊரில் ஜெர்மன்காரன் குளோரின் திறந்தபோது ஒருவரிடமும் மாஸ்க்கே கிடையாது. நாலு நாள் கழித்து நம் லாகூர் டிவிஷன் அதே இடத்தில் இறங்கியது, துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டார்கள், தண்ணீர் இல்லாதவர்கள் மூத்திரத்தில் நனைத்தார்கள். மன்னிக்கவும், ஆனால் அதுதான் நடந்தது. இதைக் காட்டுவதானால் பாட்டை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

எங்கள் பக்கத்தில் பழைய கல் ஒன்று இருக்கிறது, இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. எண்ணிக்கை மட்டும்தான், ஒருவர் பேரும் இல்லை. என் கொள்ளுத்தாத்தா போய்த் திரும்பியவர். எங்கே போனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பிரான்ஸ் என்பார் ஒருவர், பஸ்ரா என்பார் ஒருவர். சிப்பாய் என்று மட்டும் தெரியும். ஆயா ஒன்று சொல்வாள்: மரத்தில் தேன்கூடு பார்த்தால் அவர் திரும்பி வேறு வழியாகப் போய்விடுவாராம், தேன் எடுக்கிறவர்கள் தெருவுக்குள் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாராம். பட்டாளத்துக்குப் போன ஆளுக்கு ஈயைக் கண்டு பயமா என்று ஊரே கிண்டல் செய்திருக்கிறது.

காட்பாடி கேமரா:

முகவீணை டீச்சர், ரேஷன் கடை க்யூ என்றதும் ராத்திரி தூக்கம் போய்விட்டது. நீங்கள் சொல்வது சரி, உடுப்பை மாற்றினால் கூத்து செத்துவிடும். அப்படியானால் உடுப்பை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றினால்? சிப்பாய்கள் பாசறையில் ஒரு ராத்திரி கர்ண மோட்சம் ஆடுகிறார்கள். கட்டை இல்லை, வெடிமருந்துப் பெட்டிப் பலகையைச் செதுக்குகிறார்கள். திரை இல்லை, கம்பளியைப் பிடிக்கிறார்கள். கர்ணன் அங்கேயே கம்பளிக்குப் பின்னால் கால் மணி நேரம் நிற்கட்டும், ஒரு வெட்டுக்கூட விழாது, சத்தியம்.

கட்டியங்காரனுக்கும் வேலை கண்டுபிடித்துவிட்டேன், கேனரி மாதிரி. அவன்தான் கடிதம் எழுதித் தருகிறவன். எழுதப்படிக்கத் தெரியாத சிப்பாய்களுக்கு எழுதித் தரவும் வந்ததைப் படித்துக் காட்டவும் ஆள் இருந்தார்கள். பிரான்சில் பூலோன் என்ற ஊரில் தணிக்கை ஆபீஸ் வைத்து நம்மவர் கடிதங்களைப் பிரித்துப் படித்திருக்கிறார்கள். அதனால் சிப்பாய்கள் மறைத்து எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது, இனி சிவப்பு மிளகைப் போடுகிறார்கள் என்று ஒரு கடிதம் போகும். கறுப்பு என்றால் நம் ஆட்கள், சிவப்பு என்றால் வெள்ளைக்காரர்கள். இதைவிடக் கட்டியங்காரத்தனம் என்ன வேண்டும்? மேலிடத்துக்கு ஒரு அர்த்தம், களரியில் உட்கார்ந்திருக்கிற ஜனங்களுக்கு ஒரு அர்த்தம். பொன்னுருவியையும் கடிதமாகவே கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன். ஊரிலிருந்து மனைவி எழுதியது வருகிறது, அவன் படித்துக் காட்டுகிறான், கர்ணன் கேட்கிறான்.

முகவீணை:

பெட்டிப் பலகை சரி. கம்பளி ரொம்பச் சரி. கடிதம் எழுதுகிறவன் என்றதும் நைனா கைதட்டினார், அவருக்குப் படித்துக் காட்டினேன்.

பொன்னுருவி கடிதம் கிடையாது. கூடவே கூடாது. அவள் எதிரே நின்றாக வேண்டும். போருக்குப் போகிறேன், விடை கொடு என்று வந்து நிற்கிறவனை அவள் பிறப்பைச் சொல்லிக் குத்துகிறாள். ஆற்றில் மிதந்து வந்தவன், தேரோட்டி வளர்த்தவன், ராஜா மகள் நான் உனக்கு என்ன மரியாதை கொடுப்பது என்று. நாளைக்குச் சாகப்போகிறவனிடம் சொல்கிறாள். அவனுக்குத் தன் அம்மா குந்தி என்பது தெரியும். சொன்னால் ஒரு நொடியில் அவள் வாய் அடைந்துபோகும், அவன் சொல்லாமல் கேட்டுக்கொண்டே நிற்பான். ஒன்றரை மணி நேரம் போகும் அது, எதிர்ப்பாட்டு மேல் எதிர்ப்பாட்டு. உண்மை தெரிந்து அவள் உடைகிறபோது கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருக்கும். எங்கள் ஜமாவில் பொன்னுருவி கட்டுகிறவர் பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அந்த இடத்தில் முன்வரிசைக் கிழவிகள் அவரை உண்மையிலேயே திட்டுவார்கள். 'உன் வாயில புத்து வைக்க' என்று ஒரு தடவை வெற்றிலைப்பெட்டியையே எறிந்தார்கள். இதைக் கடிதத்தில் எழுதி யாரோ படித்தால், தபால் வந்தது என்றுதான் இருக்கும்.

ஆல்ட்டோ:

முகவீணை சொன்னதை ஆபரா பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். புல்லாங்குழல் கதையில் முதல் பாதி முழுக்க ராணி பாவம், மகளைப் பறிகொடுத்த தாய், அவளைக் கடத்திய சராஸ்ட்ரோ கொடுங்கோலன். இரண்டாம் பாதியில் எல்லாம் தலைகீழ், சராஸ்ட்ரோ ஞானி, ராணி மோசக்காரி. இருநூறு வருஷத்துக்கு மேலாக இந்தத் திருப்பத்தை வைத்து அடித்துக்கொள்கிறார்கள். போருக்குள் கொண்டுபோனதும் அது குழப்பமாகவே தெரியவில்லை. நம் பக்கம் நல்லவர், எதிர்ப்பக்கம் அரக்கர் என்று சொல்லித்தானே சிப்பாயை அனுப்புகிறார்கள், முள்வேலியைத் தாண்டிப் பார்த்தால் அங்கே ஆஸ்பத்திரி நடக்கிறது. என்னைக் கேட்டால் பிரானாவின் படத்துக்குப் போர் கொடுத்த பெரிய வரவு அதுதான். கேனரி அப்புறம்.

ஆனால் மூலத்தில் ஒரு அசிங்கமும் இருக்கிறது. மொனொஸ்டாட்டோஸ் என்ற கறுப்புக் காவலாளி, கறுப்பு அவலட்சணம் என்பதால் நான் காதலிக்கக்கூடாதாம் என்று பாடுகிறான். இசை அவ்வளவு துறுதுறுப்பாக இருக்கும், வார்த்தை காறித்துப்பும். இப்போது பல இடங்களில் வார்த்தையை மாற்றித்தான் பாடுகிறார்கள். எங்கள் குழுவில் ஒரு தடவை இந்த ஆபராவிலிருந்து சில பாட்டுகள் எடுத்தோம், அதை விட்டுவிட்டோம். பொன்னுருவியின் வாயில் வருவதையும் நீங்கள் மாற்றுவீர்களா என்று கேட்க நினைத்தேன். மாற்றாதீர்கள். அங்கே அந்த வார்த்தை சொன்னவளையே திருப்பி அடிக்கிறது. மொசார்ட்டில் யாரையும் அடிப்பதில்லை, சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறோம்.

லாங் பஜார்:

எல்லோரும் பிரான்சுக்கும் பஸ்ராவுக்கும் போகிறீர்கள், நம் வேலூர்க் கோட்டையை ஒருத்தரும் யோசிக்கவில்லை. 1806 ஜூலை 9, கோட்டைக்குள் திப்பு மகளுக்குக் கல்யாணம். அன்று ராத்திரி தாண்டி 10-ஆம் தேதி விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். காரணம் என்ன? புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது. காலையில் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தான், முடித்துவிட்டான். ராத்திரி தொடங்கி வெயில் ஏறும்போது முடிகிற கதை, கூத்து நேரம் அப்படியே பொருந்துகிறது. தலையில் எதை வைப்பது என்பதற்காக உயிரை விட்டவர்கள். கிரீடம் கட்டினால் ஆளே மாறுகிற கூத்துக்கு இதைவிட என்ன போர்?

காட்பாடி கேமரா:

அண்ணா, சத்தியமாக அழகு. ஆனால் அது தனிப் படம், கர்ணனைக் கூப்பிட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். கோட்டை தொல்லியல் துறை கையில் இருக்கிறது, அனுமதி வாங்கி முடிப்பதற்குள் எனக்குப் பேரன் பிறப்பான். நீங்கள் எழுதுங்கள், நான் கேமரா தூக்குகிறேன்.

டீச்சர், கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பொன்னுருவி கட்டுகிற சிப்பாய் ஒருவன், கர்ணன் கட்டுகிறவன் ஒருவன், கம்பளிக்கு முன்னால் எதிரெதிரே. முழு ஒன்றரை மணி தாங்காது, இருபது நிமிஷம் கேட்கிறேன். நைனாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஹவில்தார் சார், உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தேன்கூடு என்னை விடவில்லை. 1914 நவம்பர் முதல் வாரம், கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா துறைமுகம். இந்தியாவிலிருந்து போன படை அங்கே இறங்கித் தோற்றது. சண்டைக்கு நடுவில் மரங்களில் இருந்த தேன்கூடுகள் கலைந்து ஆட்களை மொய்த்திருக்கின்றன, அதற்குத் தேனீச் சண்டை என்றே பேர் வைத்துவிட்டார்கள். அங்கே போனவற்றில் 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் 61-ஆவது பயனியர்ஸும் உண்டு, இரண்டும் மதராஸ் பக்கத்துப் படைகள். வீட்டில் அவருடைய மெடல் ஏதாவது இருக்கிறதா? விளிம்பில் நம்பரும் பேரும் படையும் பொறித்திருப்பார்கள்.

பாம்புக்குப் பதில் வாயு என்றார் பிரானா. எனக்குத் தேனீ கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

முகவீணை:

நைனா இருபத்தைந்து என்கிறார். அதற்குக் கீழே இறங்கினால் வேறு கர்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அப்புறம் ஆர்மோனியத்துக்குப் பதில் முகவீணை என்கிற ஊதுகுழல் வேண்டுமாம், 1914-இல் பாசறைக்கு ஆர்மோனியத்தை எவன் தூக்கிப்போனான் என்று கேட்கிறார். முகவீணை இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம்.

ஆல்ட்டோ:

புல்லாங்குழல் மாதிரி!

ஹவில்தார் (ஓய்வு):

நாலு நாள் எழுதவில்லை, மன்னிக்கவும். தங்கச்சி வீட்டுக்குக் குடியாத்தம் போய் ஆயாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஜாக்கெட் துணிக்குள் சுற்றி மெடல் இருந்தது. ரிப்பன் பொடிப்பொடியாக உதிர்ந்தது. விளிம்பு கறுத்துக் கிடந்தது, புளி போட்டுத் தேய்க்காதே என்று மகன் சத்தம் போட்டான், டார்ச் அடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தோம். 61 பயனியர்ஸ். தம்பி சொன்ன படைதான்.

ஆனால் மெடல் வெள்ளி இல்லை. வெண்கலம். என்னிடமும் மெடல்கள் இருக்கின்றன, அதனால் உடனே மனசுக்குள் ஏதோ இடித்தது. மகன் தேடிப் பார்த்துச் சொன்னான், அந்தப் போருக்கு நம் ஊர்ச் சிப்பாய்க்கு வெள்ளி, படையோடு போன வேலைக்காரர்களுக்கு வெண்கலம். பேருக்கு முன்னால் சிப்பாய் என்று போட்டிருக்கவில்லை. பீஸ்தி என்று போட்டிருக்கிறது. தோல்பையில் தண்ணீர் தூக்கிக்கொண்டு சுடுகிறவர்களுக்கு நடுவில் ஓடுகிறவர். கையில் துப்பாக்கி கிடையாது, தேனீ வந்தால் பையை எறிந்துவிட்டு ஓடவும் முடியாது.

தங்கச்சி வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் சிப்பாய் பரம்பரை என்று சொன்னீர்களே என்று சிரித்தார். அவர் நல்ல மனுஷன்தான், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. எனக்கு அப்போது டீச்சர் எழுதிய பொன்னுருவிதான் ஞாபகம் வந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி, அந்தக் கூத்து ஆடுகிற சிப்பாய்களுக்கு நடுவில் தண்ணீர் கொடுக்கிற ஆள் ஒருவர் இருக்கட்டும். வசனம் வேண்டாம். அந்த மாதிரித் தோல்பை இந்தப் பக்கம் தோல் ஊறவைக்கிற இடத்தில் சொன்னால் தைத்துத் தருவார்கள், பேரணாம்பட்டில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வாருங்கள், கேட்டுவிடலாம்.